லண்டன் பஸ் டிக்கெட்டும் பாட்டாளியின் கூலியும்

கோவையில் முப்பது ஆண்டுக் காலம் நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் சில வாரங்களுக்கு முன் நம் காரியாலயத்துக்கு வந்திருந்தார். அவருடைய மகள் லண்டன் மாநகரில் நர்ஸ் வேலை பார்க்கிறார். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன தோழர், மூன்று மாதம் தங்கியிருந்து திரும்பியிருக்கிறார். அரண்மனையைப் பற்றியோ, பெரிய மணிக்கூண்டைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் பஸ்ஸைப் பற்றித்தான்.

முதல் ஷிப்டுக்கு எழுந்து எழுந்து பழகிய உடம்பு. அங்கேயும் நாலு மணிக்கே விழிப்புத் தட்டிவிடுமாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு தெருமுனை பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய் நிற்பாராம். அவர் சொன்னதை அவர் வாயாலேயே கேளுங்கள்:

"அந்நேரத்துக்கு வர்ற மாடி பஸ்ஸுல உக்கார எடமிருக்காதுங்க, தோழர். அதுல வெள்ளைக்காரங்களை வெரல் விட்டு எண்ணிறலாம். மத்ததெல்லாம் கறுப்பு ஜனங்க, நம்ம நெறத்து ஜனங்க. பாதிப்பேரு சன்னல்ல சாஞ்சு தூங்கறாங்க. எல்லாரும் ஆபீசு கூட்டித் தொடைக்கப் போறவங்கன்னு மக சொல்லுச்சு. பூமிக்கடியில அத்தனை ரயிலு ஓடற ஊருல, இவங்க மட்டும் ஏனுங்க பஸ்ஸுல ஆடி அசைஞ்சு போகோணும்?"

கேள்வி சிறியது. ஆனால் ஒரு மாநகரத்தின் வர்க்க அமைப்பு முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது. ஆகவேதான் இந்த வாரம் லண்டன் போக்குவரத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

முதலில் அந்த ஊரில் ஒருவன் எப்படிப் போய் வருகிறான் என்று பார்ப்போம். லண்டனில் பூமிக்கடி ரயிலுக்கு 11 மார்க்கங்கள், 272 ஸ்டேஷன்கள் இருக்கின்றன. அதற்கு மேல் சிவப்பு நிற மாடி பஸ்கள். பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். 2023 மார்ச்சில் அதை 1.75 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள். ரயில் அப்படியல்ல. நகரின் நடுவை முதல் மண்டலமாக வைத்து, வெங்காயச் சருகு போல ஒன்றைச் சுற்றி ஒன்றாக மண்டலங்கள் வகுத்திருக்கிறார்கள். எத்தனை மண்டலத்தைக் கடக்கிறாயோ அதற்குத் தக்கபடி பணம். நம் தோழரின் மகள் இருப்பது நகரின் கிழக்குப் பகுதியான ஈஸ்ட் ஹாமில். அது மூன்றாம் மண்டலமும் நான்காம் மண்டலமும் சேரும் இடம். அங்கிருந்து நகர மையத்துக்கு ரயிலில் போனால், நெருக்கடி வேளையில் பஸ் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்.

நகர நடுவில் வீட்டு வாடகை ஏழைக்கு எட்டாது. ஆகவே ஏழை எங்கே குடியிருக்கிறான்? வெளி மண்டலத்தில். வேலை எங்கே இருக்கிறது? முதல் மண்டலத்தில். வாடகைக்கு அஞ்சி வெளியே ஓடியவனை டிக்கெட் துரத்திப் பிடித்துக்கொள்கிறது.

நேரக் கணக்கு ஒன்றும் உண்டு. வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையிலும், மாலை 4 முதல் 7 வரையிலும் ரயில் கட்டணம் அதிகம். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவன் பத்து மணிக்குச் சாவகாசமாகப் புறப்படலாம். அவனுக்குச் சலுகைக் கட்டணம். எட்டு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவனுக்கு அதிகக் கட்டணம். கூட்டத்தைப் பரத்தி விடுவதற்காக இந்த ஏற்பாடு என்று விளக்கம் சொல்கிறார்கள். எந்த நேரத்துக்கு வேலைக்கு வர வேண்டும் என்று தீர்மானிப்பவன் தொழிலாளியா, முதலாளியா? தீர்மானிப்பவன் ஒருவன், அபராதம் கட்டுகிறவன் வேறொருவன்!

அதிகாலை நாலு மணிக்கு, சாதாரண நாட்களில், பூமிக்கடி ரயில் ஸ்டேஷன் பூட்டிக் கிடக்கும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் சில மார்க்கங்களில் விடிய விடிய ஓடுகிறது. 2016 ஆகஸ்டில் தொடங்கிய ஏற்பாடு இது. வார இறுதியில் கேளிக்கைக்குப் போய்த் திரும்புகிறவனுக்கு அது உதவும். செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே வங்கிக் கட்டடத்தின் கக்கூஸைக் கழுவப் போகிறவளுக்கு உதவாது. அவள் பஸ்ஸில்தான் போக வேண்டும். ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் அவள் பஸ்ஸிலேயே திரும்புகிறாள். ஏனென்றால் அது மலிவு. ஒரு பஸ்ஸில் ஏறி ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸுக்கு மாறினால் மறு கட்டணம் இல்லை என்ற ஏற்பாடு 2016 செப்டம்பரில் வந்தது. இரண்டு பஸ், மூன்று பஸ் மாறிப் போகிறவர்களுக்கு அது பெரிய நிவாரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் காசில் மிச்சம் பிடிப்பதை அவள் தூக்கத்தில் கொடுத்துத் தீர்க்கிறாள்.

பிரயாணக் கட்டணம் என்பது கூலியிலிருந்து பிடிக்கப்படும் தொகை. பிரயாண நேரம் என்பது சம்பளம் தராத வேலை நேரம். இந்த உண்மையை நம்மைக் காட்டிலும் முன்னதாகவே உணர்ந்தவர்கள் லண்டன் முதலாளிகள்.

உலகத்தின் முதல் பூமிக்கடி ரயில் அங்கேதான் ஓடிற்று. 1863 ஜனவரி 10ஆம் தேதி, பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை, ஏறக்குறைய நாலு மைல் தூரம். மின்சாரம் இல்லாத காலம். நீராவி எஞ்சினின் புகையை விழுங்கிக்கொண்டு ஜனங்கள் போனார்கள். தெருவைத் தோண்டி, தண்டவாளம் போட்டு, மேலே மூடிய வேலை அது. தோண்டிய வழியில் இருந்த ஏழைகளின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. வீட்டுக்காரனுக்கு நஷ்டஈடு கிடைத்தது. வாரவாடகைக்கு இருந்தவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு பக்கத்துச் சேரியில் போய் நெருக்கிக்கொண்டான். இந்த ரயிலுக்காக ஓயாமல் வாதாடியவர் சார்லஸ் பியர்சன் என்ற நகரசபை வக்கீல். தொழிலாளிகள் சேரியை விட்டு வெளியே நல்ல காற்றில் குடியிருந்து, மலிவான ரயிலில் வேலைக்கு வர வேண்டும் என்பது அவர் கண்ட கனவு. ரயில் ஓடுவதைப் பாராமலே 1862ல் அவர் இறந்துபோனார்.

கம்பெனிக்காரர்கள் லாபத்துக்காக வந்தவர்கள். ஆனாலும் 1864ல் விடியற்காலையில் தொழிலாளர் ரயில் என்று தனியே விட்டார்கள். போக வர 3 பென்ஸ்தான். ஏன் இந்தக் கருணை? ஆள் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் பட்டறை ஓடாது! பிறகு 1883ல் பார்லிமெண்ட் ஒரு சட்டமே செய்தது. கம்பெனிகளுக்கு வரியில் சலுகை. அதற்குப் பதிலாகத் தொழிலாளிக்கு மலிவு டிக்கெட். அன்று வேலைக்குப் போகும் நேரத்தில் கட்டணம் குறைவு. இன்று வேலைக்குப் போகும் நேரத்தில் கட்டணம் அதிகம். நூற்றைம்பது ஆண்டு நாகரிகத்தின் வளர்ச்சியை இதிலே அளந்துகொள்ளலாம்.

அந்த ரயில் ஸ்டேஷன்களைப் பற்றி இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1940 செப்டம்பர் 7ஆம் தேதி ஹிட்லரின் விமானங்கள் லண்டனில் குண்டு மழை பொழியத் தொடங்கின. முதல் அடி விழுந்தது துறைமுகத் தொழிலாளர் குடியிருந்த கிழக்குப் பகுதியில். அங்கே பத்திரமான ஆழ்ந்த பதுங்கிடங்கள் இல்லை. பூமிக்கடி ஸ்டேஷன்களைப் பதுங்கிடமாகத் திறந்துவிட சர்க்கார் மறுத்தது. பணக்காரர்களுக்கோ, சவாய் என்னும் ஆடம்பர ஹோட்டலின் கீழே கட்டிலும் மெத்தையும் போட்ட பதுங்கிடம் இருந்தது. செப்டம்பர் 14ஆம் தேதி இரவு, கிழக்கு லண்டன் கம்யூனிஸ்ட் தலைவர் பில் பிராட்டின், குழந்தை குட்டிகளோடு ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு நேரே அந்த ஹோட்டலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்! அபாயச் சங்கு ஊதும்போது யாரையும் வெளியே தள்ள முடியவில்லை. ஸ்டேஷன்களைத் திறக்கச் சொல்லிக் கட்சி கிளர்ச்சி செய்தது. ஜனங்கள் அதற்கும் மேலே போனார்கள். இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள், ரயிலேறாமல் பிளாட்பாரத்திலேயே படுத்துவிட்டார்கள். கடைசியில் சர்க்கார் பணிந்தது. 1945 தேர்தலில் மைல் எண்டு தொகுதி மக்கள் பிராட்டினைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து நகருக்குள் போகும் ரயில் அந்த மைல் எண்டு ஸ்டேஷன் வழியாகத்தான் போகிறது. நம் தோழர் அந்த வழியில் பல முறை போயிருக்கிறார். இந்தச் சரித்திரம் அவருக்குத் தெரியாது. சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இனி டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். கட்டணத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? லண்டன் மக்கள் ஒரு முறை செய்து பார்த்தார்கள். 1981 மே மாதம் நடந்த தேர்தலில் பெரு லண்டன் கவுன்சில் லேபர் கட்சியின் கைக்கு வந்தது. கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். பஸ், ரயில் கட்டணத்தைக் குறைப்போம் என்று தேர்தலுக்கு முன் அச்சடித்துக் கொடுத்த வாக்குறுதியை அவர்கள் நிறைவேற்றினார்கள். அக்டோபரில் கட்டணம் சராசரி 32 சதவீதம் குறைந்தது. லேபர் கட்சியின் போக்கைப் பற்றி நமக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் இந்தக் காரியத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. வண்டிகளில் ஜனங்கள் கூடினார்கள். நகருக்குள் வரும் கார்கள் குறைந்தன. பற்றாக்குறையை நிரப்பக் கட்டட வரியை உயர்த்தினார்கள். அந்த வரியின் பெரும்பாகம் நகர நடுவிலுள்ள வங்கிகள், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள், பெரிய கடைகள் தலையில் விழுந்தது.

விட்டுவிடுவார்களா? வெளி லண்டனில் ப்ராம்லி என்று வசதியானவர்கள் வசிக்கும் ஒரு பகுதி. கன்சர்வேடிவ் கட்சி ஆதிக்கத்திலிருந்த அந்தப் பகுதியின் கவுன்சில் கோர்ட்டுக்குப் போயிற்று. எங்கள் ஊருக்குப் பூமிக்கடி ரயிலே வரவில்லை, நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று வழக்கு. வழக்கு டென்னிங் பிரபுவின் கோர்ட்டைக் கடந்து, 1981 டிசம்பரில் பிரபுக்கள் சபை நீதிபதிகளின் முன் வந்து நின்றது. 1969ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தில் போக்குவரத்து "சிக்கனமாக" நடக்க வேண்டும் என்று பொருள்படும் ஒரு சொல் கிடந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். கவுன்சில் வியாபாரி போல வரவு செலவு பார்த்து நடக்க வேண்டும், வரி கொடுப்பவர் பணத்தை இப்படிச் செலவிட அதிகாரமில்லை என்று நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். லட்சக்கணக்கான மக்கள் போட்ட ஓட்டு என்ன ஆயிற்று? ஓட்டுக் கேட்டு எந்தத் தெருவிலும் நிற்காத பிரபுக்கள் அதைக் கிழித்துப் போட்டார்கள். 1982 மார்ச்சில் கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கானது. கூட்டம் குறைந்தது, கார்கள் மீண்டும் தெருவை அடைத்தன.

ஆனாலும் அவர்கள் சோர்ந்து விடவில்லை. சட்டத்துக்குள் நிற்கும்படி வேறு திட்டம் வகுத்து, 1983 மே மாதம் கட்டணத்தைக் கால் பங்கு குறைத்தார்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஒரே சீட்டு என்ற முறையும் அப்போதுதான் பிறந்தது. இன்று லண்டன்வாசிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே அட்டைப் பிரயாணத்துக்கு மூலம் அந்தச் சீட்டுத்தான். தாட்சர் அம்மையாருக்கு இதுவும் பொறுக்கவில்லை. 1984ல் போக்குவரத்தைக் கவுன்சிலின் கையிலிருந்து பிடுங்கினார். 1986 மார்ச் 31ஆம் தேதியோடு கவுன்சிலையே கலைத்துவிட்டார். பஸ் மார்க்கங்கள் டெண்டருக்குப் போயின. பஸ் கம்பெனிகள் 1994ல் விற்கப்பட்டன. பஸ்ஸின் நிறம் மட்டும் சிவப்பாகவே இருந்தது.

நம் மாநிலத்தில் 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லாமல் போகிறார்கள். "ஓசி" என்று கேலி பேசிய குரல்களை நாம் கேட்டோம். ப்ராம்லிக்காரர்களின் குரலும் இதே குரல்தான். பாஷை மட்டும் வேறு.

வண்டியை ஓட்டுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. யுத்தத்துக்குப் பிறகு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள். கொடுத்த கூலிக்கும் கேட்ட ஷிப்டுக்கும் உள்ளூர் ஆள் வரவில்லை. 1956ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பார்படோஸுக்குப் போய் நேரடியாக ஆள் எடுத்தார்கள். அந்தத் தீவின் சர்க்கார் பிரயாணச் செலவைக் கடனாகக் கொடுத்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு கட்டித் தீர்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்குத் துண்டுக் கடனோடு போன நம் மூதாதையரின் கதை நினைவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. இவர்களுக்குச் சங்கம் இருந்தது, உரிமை இருந்தது. ஆனால் தூர தேசத்துக்குக் கடனோடு போனவனின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று நம்மவர்களுக்குத் தெரியும்.

பிறகு ஆட்குறைப்பு வந்தது. கண்டக்டர் இருந்த பழைய மாடி பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான மார்க்கங்களிலிருந்து விடைபெற்றன. 2014 ஜூலையிலிருந்து பஸ்ஸில் காசே வாங்குவதில்லை. நம் தோழர் முதல் நாள் கண்டக்டரைத் தேடியிருக்கிறார். காணோம். பத்துப் பவுண்டு நோட்டை டிரைவரிடம் நீட்டியிருக்கிறார். டிரைவர் கையை விரித்துவிட்டார். பாங்கி அட்டையையோ, பிரயாண அட்டையையோ மஞ்சள் வட்டத்தின் மேல் வைக்க வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். ரயிலிலோ நுழையும்போதும் வெளியேறும்போதும். வெளியேறும்போது வைக்க மறந்தால் உச்சக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும். பாங்கிக் கணக்கு இல்லாதவன் கடையில் போய் அட்டையில் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். வசதியான முறைதான், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிப்பதில்லை என்ற வரம்பும் உண்டு. ஆனால் இரவு நேரத்தில் மாடியில் குடிகாரன் ரகளை செய்தால், கீழே வண்டி ஓட்டுகிற ஒற்றை ஆள் என்ன செய்வான்? 2015க்குள் ரயில் ஸ்டேஷன்களின் டிக்கெட் ஜன்னல்களையும் மூடிவிட்டார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள். சம்பளத்துக்காக மட்டும் நடந்த சண்டை என்று பத்திரிகைகள் எழுதின. 1987 நவம்பர் 18ஆம் தேதி கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் சேர்ந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கும் குப்பையும் தீப்பற்றி 31 பேர் மாண்டார்களே, அதைத் தொழிலாளி மறக்கவில்லை. ஸ்டேஷனில் ஆள் இருப்பது பிரயாணியின் உயிர்ப் பிரச்சனை. 2020ல் கொரோனா வந்தபோது பஸ் டிரைவர்கள் பலர் மாண்ட பிறகுதான், ஏப்ரலில், முன் கதவை மூடி நடுக் கதவு வழியாக ஜனங்களை ஏற்றினார்கள்.

டாக்சிக்கு வருவோம். லண்டனில் டாக்சி இரண்டு ஜாதி. ஒன்று கறுப்பு டாக்சி. கூரையில் விளக்கு எரிந்தால் தெருவில் கை காட்டி நிறுத்தலாம். மீட்டர் காட்டுவதைக் கொடுத்தால் போதும். இந்த டிரைவர் ஆவது லேசு அல்ல. சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் சுற்றளவுக்குள் ஏறக்குறைய 25,000 தெருக்கள், 320 பாதைகள். வழியிலுள்ள ஆஸ்பத்திரி, கோர்ட்டு, நாடகக் கொட்டகை எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். படம் பார்க்கக் கூடாது. பரீட்சை அதிகாரி எதிரே உட்கார்ந்து, இங்கிருந்து அங்கே எப்படிப் போவாய் என்றால், தெருத் தெருவாக ஒப்பிக்க வேண்டும். மூன்று நான்கு வருஷம் சின்ன மோட்டார் சைக்கிளில் ஊரைச் சுற்றிச் சுற்றிப் படிக்கிறார்கள். இந்தப் பரீட்சைக்கு "அறிவு" என்றே பெயர்! அந்த டிரைவர்களின் மூளையைப் படமெடுத்து ஆராய்ந்த விஞ்ஞானிகள், இடங்களை நினைவில் வைக்கும் பாகத்தின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதாக 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உழைப்பு மனிதனின் மூளையையே வனைகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மற்றொன்று முன்கூட்டிச் சொல்லி வைத்து ஏறும் தனியார் கார். 2012ல் ஊபர் என்ற அமெரிக்கக் கம்பெனி லண்டனில் புகுந்தது. கைபேசி வழி சொல்லும், மனப்பாடம் தேவையில்லை. கைத்தறிக்காரனின் நாற்பது வருஷக் கைத்திறனை விசைத்தறி ஒரே நாளில் விலையற்றதாக்கிய கதைதான். மலிவான சவாரி கிடைத்ததென்று ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். அதில் குற்றம் சொல்ல மாட்டோம். கறுப்பு டாக்சிக் கட்டணம் ஒரு கூலிக்காரனுக்குக் கட்டாது. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வந்தது? கார் டிரைவருடையது, எண்ணெய் டிரைவருடையது, இன்ஷ்யூரன்ஸ் டிரைவருடையது. சம்பளத்தோடு லீவு? கிடையாது. குறைந்தபட்சக் கூலி? கிடையாது. ஏனென்றால் அவன் தொழிலாளியே அல்லவாம், சுயேச்சையான வியாபாரியாம்! இந்த ஜாலத்தை யாசீன் அஸ்லம், ஜேம்ஸ் ஃபாரர் என்ற இரண்டு டிரைவர்கள் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். 2016ல் தொழில் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். கம்பெனி அப்பீல் மேல் அப்பீலாகப் போயிற்று. 2021 பிப்ரவரி 19ஆம் தேதி பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் சொன்னது: கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனி, நிபந்தனையை எழுதுவது கம்பெனி, சவாரியை மறுத்தால் தண்டிப்பது கம்பெனி, ஆகவே இவர்கள் தொழிலாளிகளே.

அதோடு முடிந்ததா? கைபேசியைத் திறந்து, சவாரிக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமே என்பது அந்தத் தீர்ப்பு. கம்பெனியோ மறு மாதமே, சவாரியை ஏற்றுக்கொண்ட நேரத்திலிருந்துதான் குறைந்தபட்சக் கூலிக் கணக்கு என்று அறிவித்தது. காத்திருந்த நேரம் டிரைவரின் தலையில்! நூல் வராமல் மெஷின் நின்றால் அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்று சண்டை போட்ட ஆலைத் தோழர்களுக்கு இது புதிதல்ல. வாய்க்காலில் தண்ணீர் வரும் வரை வரப்பில் குந்தியிருந்து, பாதி நாள் கூலியோடு வீடு திரும்பிய விவசாயத் தோழர்களுக்கும் புதிதல்ல.

யார் கொடுப்பது என்பதே கடைசிக் கேள்வி. லண்டன் போக்குவரத்தை நடத்தும் செலவுக்கு மத்திய சர்க்கார் ஆண்டுதோறும் கொடுத்த மானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, 2018ல் அடியோடு நிறுத்தினார்கள். பிரயாணியின் கட்டணத்தை நம்பியே வண்டி ஓட வேண்டும் என்றார்கள். இரண்டே வருஷத்தில் கொரோனா வந்து வண்டிகள் காலியாக ஓடியதும், அதே சர்க்கார் பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போதும் கட்டண உயர்வை நிபந்தனையாக வைத்துத்தான் கொடுத்தார்கள்.

வேறு வழியே இல்லையா? கடலைத் தாண்டினால் பாரிஸ். அங்கே 1971 முதல், ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் தாங்கள் கொடுக்கும் சம்பளத் தொகையில் ஒரு பகுதியைப் போக்குவரத்து வரியாகக் கட்டுகிறார்கள். சிறு ஸ்தாபனங்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு மேல், தொழிலாளி வாங்கும் பிரயாண சீசன் சீட்டின் விலையில் பாதியை முதலாளி திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். முதலாளித்துவ நாடுதான் அது, சோஷலிசம் அல்ல. ஆள் வந்து சேருவதால் லாபம் யாருக்கோ அவனே அதற்குச் செலவு செய்யட்டும் என்ற சாதாரண நியாயம் அங்கே சட்டமாக நிற்கிறது. மாஸ்கோவில் 1961 முதல் 1991 வரை மெட்ரோ ரயில் கட்டணம் 5 கோப்பெக்காகவே இருந்தது என்பதை நம் பழைய தோழர்கள் அடிக்கடி சொல்வார்கள். அது நிஜம். அந்த அமைப்பு வீழ்ந்தபோது அந்தக் கட்டணமும் போயிற்று.

நம் தோழரிடம் இவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது இரண்டு டீ ஆறிப்போயிற்று. அவர் சட்டைப் பையிலிருந்து நீல நிற அட்டை ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். லண்டன் பிரயாண அட்டை. அதில் இன்னும் இரண்டு பவுண்டு சொச்சம் பாக்கி இருக்கிறதாம். எத்தனை வருஷமானாலும் அந்தப் பணம் தீர்ந்துபோகாது என்று மகள் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை போனால், பஸ் ஸ்டாப்பில் நின்று வேடிக்கை பார்க்கப் போவதில்லையாம். அந்த நாலு மணி பஸ்ஸில் தானும் ஏறி, அந்தப் பெண்கள் இறங்கும் இடம் வரை போய்ப் பார்த்துவிட்டு வரப்போகிறாராம்.